பெட்டகத்துள் இன்னொரு வாசல்

2024 பிப்ரவரியில் விண்கல ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம், பெயரே சொல்வதுபோல் பழைய துறைமுகம். அங்கிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் திருச்செந்தூரையும் காயல்பட்டினத்தையும் கடந்து தூத்துக்குடித் துறைமுகத்தை அடைகிறோம். மூடிய இரும்புப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி இறக்கும் இடத்திற்கு அங்கே 'சரக்குப் பெட்டக முனையம்' என்று பெயர். பெட்டகம், முனையம் என்னும் இவ்விரு சொற்களும் கணினித் துறையிலும் உண்டு. அங்கே பெட்டகம் (கண்டெய்னர்) என்பது ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய அனைத்தோடும் சேர்த்துத் தனியே அடைத்து இயக்கும் ஏற்பாடு. முனையம் (டெர்மினல்) என்பது கட்டளை தட்டும் இடம். இயங்கிக்கொண்டிருக்கும் பெட்டகத்தை நிறுத்தாமல் அதனுள் இன்னொரு முனையத்தைத் திறக்க முடிந்தது எப்போது, எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு கணினியில் பலர் ஒரே வேளையில் பணி செய்யலாம் என்பதே முதலில் ஒரு கண்டுபிடிப்பு. 1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அவ்வழியில் வளர்ந்தது. அதில் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். இடையே சுவர் வேண்டும் என்ற தேவை பின்னரே எழுந்தது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்த 'சிஎச்ரூட்', கோப்புகளின் ஒரு கிளையை மட்டும் ஒரு நிரலுக்கு முழு உலகமாகக் காட்டியது. 2000 மார்ச்சில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0 அச்சுவரை மேலும் உயர்த்தி, 'ஜெயில்' என்றே பெயரிட்டது.

சுவர் எழுந்தபின்தான் வாசலின் அருமை தெரிந்தது. உள்ளே ஒரு பிழை நேர்ந்தால் வெளியிலிருக்கும் காவலரும் எளிதாக நுழைய வழியில்லை. 2003இல் ஃப்ரீபிஎஸ்டி 5.1 'ஜெஎக்ஸெக்' என்னும் கட்டளையைத் தந்து அக்குறையைத் தீர்த்தது. லினக்ஸில் 2002 முதல் படிப்படியாக அமைந்த சுவர்களுக்குப் 'பெயர்வெளி' என்று பெயர். ஏற்கனவே இருக்கும் பெயர்வெளியில் ஒரு நிரல் சென்று சேர உதவும் 'செட்என்எஸ்' 2011இல் லினக்ஸ் 3.0இல் வந்தது, 2013 பிப்ரவரியில் வந்த 3.8இல்தான் அது தேவையான பெயர்வெளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

அடுத்த மாதமே சாலமன் ஹைக்ஸ் டாக்கரை உலகுக்கு அறிமுகம் செய்தார். அதில் முதலில் இருந்தது 'அட்டாச்' என்னும் கட்டளை. அது புது வாசலன்று. முதன்மை நிரலின் முனையத்திலேயே நம்மை இணைப்பது. இருவர் இணைந்தால் ஒருவர் தட்டுவது மற்றவர் திரையிலும் தோன்றும். அங்கே தவறி ஒரு நிறுத்தக் கட்டளை தந்தால் பெட்டகமே நின்றுவிடலாம். இதற்கு அஞ்சிப் பலர் ஒவ்வொரு பெட்டகத்துள்ளும் எஸ்எஸ்எச் என்னும் தொலைநுழைவுச் சேவையை வைத்தனர். அது வேண்டாத சுமை என்று 2014 ஜூனில் டாக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரோம் பெட்டாசோனி எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் டாக்கர் 1.3 'எக்ஸெக்' கட்டளையுடன் வெளிவந்தது.

எக்ஸெக் செய்வது இதுதான்: புதிய நிரலொன்றைத் தொடங்கி, இயங்கும் பெட்டகத்தின் பெயர்வெளிகளுக்குள் அதைச் சேர்க்கிறது. எத்தனை முறை அழைக்கிறோமோ அத்தனை முனையங்கள். எல்லோரும் காண்பது அதே கோப்புகள், அதே வலையமைப்பு. ஆனால் ஒருவர் தட்டுவது மற்றவரைத் தீண்டாது. நாம் வெளியேறினாலும் பெட்டகம் இயங்கும். முதன்மை நிரல் முடிந்தாலோ விருந்தினர் அனைவரும் அக்கணமே வெளியேற வேண்டியதுதான்.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. 2019 பிப்ரவரியில், பெட்டகங்களை இயக்கும் 'ரன்சி' என்னும் கருவியில் பெரும் பிழையொன்று வெளிப்பட்டது. தீயவர் கைப்பட்ட பெட்டகத்துள் மேலாளர் எக்ஸெக் மூலம் நுழைந்தால், உள்ளே பதுங்கியிருப்பது அக்கருவியையே திருத்தி எழுதி, வெளியிலுள்ள முழுக் கணினியையும் கைப்பற்றக்கூடும். உள்ளே போகத் திறந்த கதவு வெளியே வருவதற்கும் கதவாயிற்று. திருத்தம் உடனே வந்தது. பாடம் மட்டும் நிலைத்தது.

இரண்டாவது இடர் ஓசையற்றது. பெட்டகம் என்பது ஒரு மூலத்திலிருந்து எடுத்த படி. அவசரத்தில் உள்ளே புகுந்து ஒரு வரியைத் திருத்தினால் அப்படி மட்டுமே திருந்தும். அதை நீக்கி, அதே மூலத்திலிருந்து புதிய படி எடுத்தால் பழைய பிழை மீண்டும் வரும். திருத்தியவர் கைவண்ணம் சுவடின்றிப் போகும்.

ஏடுகளோடு பழகியவர்க்கு இது புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தை நிறுவ நேர்ந்தது. ஒரு படியில் ஒருவர் செய்த திருத்தம் அடுத்த படிக்குச் செல்ல எந்த உறுதியும் இல்லாமையே அதற்குக் காரணம். இன்னொரு வாசலைத் திறப்பது இன்று ஒரு நொடிப் பணி. உள்ளே கண்டதை மூலத்தில் எழுதி வைப்பதற்குத்தான் இன்றும் பொறுமை வேண்டியிருக்கிறது.