இலவசக் கணக்குக்கு யார் காசு கொடுத்தார்கள்?

போன செமஸ்டர் பரீட்சை ஃபீஸ் கட்டுவதற்காகப் பணம் எடுக்கப் போனேன். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் நான் நினைத்ததைவிட 177 ரூபாய் குறைவு. கவுண்டரில் கேட்டேன். "மினிமம் பேலன்ஸ் இல்லைப்பா தம்பி. அதுக்கு 150, ஜிஎஸ்டி 27" என்றார் அந்த அக்கா. கையில் பணம் இல்லை என்பதற்கு அபராதம், அந்த அபராதத்துக்கு வரி! பி.காம். படிக்கிறவனுக்கே இது முன்கூட்டித் தெரியவில்லை என்பதுதான் கூடுதல் அவமானம். :-)

வந்த கோபத்தில் வங்கிக் கட்டணங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இந்தச் சண்டை பெரிய அளவில் நடந்த இடம் அமெரிக்கா. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் 'செக்கிங் அக்கவுண்ட்' என்பது நம்ம ஊர் கரண்ட் அக்கவுண்ட் மாதிரி வியாபாரிகளுக்கானது மட்டும் அல்ல. சாதாரண மனிதருக்குச் சம்பளம் வந்து விழுவது, வாடகைக்குச் செக் கொடுப்பது, கடையில் டெபிட் கார்டு தேய்ப்பது எல்லாமே அதில்தான்.

1933-ல் வந்த வங்கிச் சட்டம் இந்தக் கணக்குகளுக்கு வட்டி கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. பெருமந்தக் காலத்தில் வங்கிகள் வரிசையாகத் திவாலான சமயம் அது. வட்டியைக் காட்டிப் போட்டி போட்டு வங்கிகள் மறுபடியும் ஆபத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தார்கள். விளைவு என்ன? வங்கிக்கு நம் பணம் வட்டியில்லாமல் கிடைத்தது. அதைக் கடன் கொடுத்துச் சம்பாதித்தது. வட்டிக்குப் பதிலாக டோஸ்டர் போன்ற பரிசுகளைக் கொடுத்துக்கூட ஆள் பிடித்தார்கள்.

1972-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரத்தில் ஒரு சேமிப்பு வங்கி இந்தத் தடையைச் சுற்றிப் போக வழி கண்டுபிடித்தது. செக் மாதிரியே பயன்படும் ஒரு சீட்டைச் சேமிப்புக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்தது. வட்டியும் உண்டு, செக் வசதியும் உண்டு! 1980-ல் வந்த சட்டம் இந்த வகைக் கணக்கை நாடு முழுவதும் அனுமதித்தது. வங்கிக்குச் சும்மா கிடைத்த பணத்துக்கு இப்போது விலை வந்துவிட்டது. அந்த விலையை ஈடுகட்டச் சேவைக் கட்டணங்கள் பக்கம் வங்கிகள் திரும்பின.

பிறகு எப்படி 2000-களில் வாஷிங்டன் மியூச்சுவல் போன்ற வங்கிகள் 'ஃப்ரீ செக்கிங்' என்று கூவிக் கூவி விற்றன? கட்டணம் ஒளிந்திருந்த இடம் வேறு. ஒன்று, நாம் கார்டு தேய்க்கும்போது கடைக்காரரிடமிருந்து வங்கிக்குப் போகும் பங்கு. இன்னொன்று ஓவர்டிராஃப்ட் கட்டணம். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி செலவை அனுமதிக்கும், ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் 35 டாலர் போலப் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு தந்திரம் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கில் 100 டாலர் இருக்கிறது. ஒரே நாளில் முதலில் 10, பிறகு 15, பிறகு 20, கடைசியாக 90 டாலர் செலவு செய்கிறீர்கள். நடந்த வரிசையில் கழித்தால் கடைசிச் செலவுக்கு மட்டும்தான் பணம் போதாது. ஒரு கட்டணம், 35 டாலர். பெரிய தொகையை முதலில் கழித்தால்? 90 போய் 10 டாலர்தான் மிச்சம். அடுத்த மூன்று செலவுக்கும் பணம் போதாது. மூன்று கட்டணம், 105 டாலர்! செலவு அதேதான், வரிசை மட்டும்தான் வேறு. இப்படிச் செய்ததற்காக வெல்ஸ் ஃபார்கோ வங்கி 20.3 கோடி டாலரைக் கலிபோர்னியா வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று 2010-ல் சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார்.

அதே 2010-ல் இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. வாடிக்கையாளர் சம்மதம் சொல்லாமல் டெபிட் கார்டு, ஏடிஎம் செலவுகளுக்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம் போடக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது. செனட்டர் ரிச்சர்ட் டர்பின் கொண்டுவந்த திருத்தம் கார்டு கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க வழி செய்தது. ஒரு தடவைக்குச் சராசரியாக 44 சென்ட் வாங்கிக்கொண்டிருந்த பெரிய வங்கிகள் 2011 அக்டோபர் 1 முதல் சுமார் 21 சென்ட்தான் வாங்கலாம் என்றானது.

வங்கி சும்மா இருக்குமா? 2011 செப்டம்பர் 29 அன்று பேங்க் ஆஃப் அமெரிக்கா, டெபிட் கார்டில் பொருள் வாங்குகிறவர்களுக்கு இனி மாதம் 5 டாலர் என்று அறிவித்தது. தன் காசைத் தானே செலவு செய்யக் கட்டணமா என்று மக்கள் கொதித்தார்கள். 22 வயதுப் பெண் ஒருவர் தொடங்கிய இணைய மனுவில் 3 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 5-ஆம் தேதிக்குள் பெரிய வங்கிகளை விட்டு, நம்ம ஊர் கூட்டுறவு வங்கி போன்ற கிரெடிட் யூனியன்களுக்கு மாறுங்கள் என்று ஒரு பிரசாரமும் கிளம்பியது. நவம்பர் 1 அன்று வங்கி பின்வாங்கியது.

மக்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அடுத்த புள்ளிவிவரத்தையும் பாருங்கள். பேங்க்ரேட் நிறுவனத்தின் ஆய்வுப்படி, வட்டியில்லாத செக்கிங் கணக்குகளில் நிபந்தனையில்லாத இலவசக் கணக்குகள் 2009-ல் 76 சதவீதம், 2011-ல் 45 சதவீதம். எல்லோர் கண்ணிலும் பட்ட 5 டாலர் போனது. மினிமம் பேலன்ஸ் வை, இல்லையென்றால் மாதக் கட்டணம் கட்டு என்ற நிபந்தனை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. சம்பளத்தை நேரடியாகக் கணக்கில் போடச் சொல்லியும், ஓவர்டிராஃப்டுக்குச் சம்மதம் தராமலும், கிரெடிட் யூனியனுக்கு மாறியும் தப்பித்தவர்கள் உண்டு. நிலையான சம்பளம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-ல் சில பெரிய வங்கிகளை ஆராய்ந்தபோது, சுமார் 8 சதவீத வாடிக்கையாளர்களே ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் ஏறக்குறைய 75 சதவீதத்தைக் கட்டியிருந்தார்கள். அதாவது மற்றவர்களின் 'இலவச'க் கணக்குக்கு, மாதக் கடைசியில் கை காய்ந்தவர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள்.

பிறகும் இழுபறிதான். போட்டி காரணமாக 2022-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை 35 டாலரிலிருந்து 10 டாலராகக் குறைத்தது. பெரிய வங்கிகள் பொதுவாக 5 டாலருக்கு மேல் வாங்காமல் தடுக்க 2024 டிசம்பரில் ஒரு விதி போட்டார்கள். அது அமலுக்கு வருவதற்கு முன்பே 2025 மே மாதம் ரத்தாகிவிட்டது.

வங்கி நடத்தச் செலவு ஆகும், ஒத்துக்கொள்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறேனே! எந்தச் செலவையும் யாராவது ஒருவர் சுமந்துதான் ஆக வேண்டும். ஆனால் யார் தலையில் அதைப் போடுவது என்பது கணக்குப் பாடம் அல்ல, அது ஒரு முடிவு. அறிவிப்பு பெரிதாக இருந்தபோது மக்கள் மூன்று லட்சம் பேராகச் சேர்ந்து அதை மாற்றினார்கள். 177 ரூபாய் போலச் சின்னதாகவும் தனித்தனியாகவும் வரும்போது அவரவர் கவுண்டரில் நின்று தலையைச் சொறிந்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நண்பர்களே, இன்றைக்கு ஒரு தடவை பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். உங்களிடம் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள்?