குணம் நாடும் திறனாய்வு

இளங்கவிஞன் ஒருவனின் எட்டு வரிக் கவிதையைத் திருத்துவது எளிய செயலன்று. 'நன்று' என்னும் ஒரு சொல்லோடு விட்டால் அவன் வளரான்; 'இது கவிதையே அன்று' எனத் தள்ளினால் மீண்டும் எழுதான். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியைத் தமிழ்ச் சான்றோர் தொன்றுதொட்டே வகுத்துள்ளனர்.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். செய்யுளின் ஓசையை இருபது வண்ணங்களாகக் கண்டார். நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைக் கூறியதோடு அமையாது, பத்து அழகுகளையும் கூறினார். ஒருவரை ஆராயும் முறையைச் சொல்லவந்த வள்ளுவரும் குணத்தையே முதலில் நாடச் சொன்னார்.

மலாயாவிலும் இந்நெறி பயன்பட்டது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக்குப் பின், எழுத விரும்பிய இளைஞர்க்கு வழிகாட்டுவோர் தேவைப்பட்டனர். 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழில் 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். பயிற்சி தந்து, வந்த படைப்புகளை மதிப்பிட்டு, எழுதுவோரை உருவாக்கிய முயற்சி அது. 1952இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்க வந்த கு. அழகிரிசாமியும் 1957 வரை இங்கிருந்து எழுத்தாளர்களை நெறிப்படுத்தினார்.

கதைக்குப் பொருந்திய அம்முறை கவிதைக்கும் பொருந்தும். மரம் சீவும் தாயின் கையை நிலவுக்கு ஒப்பிடுகிறான் ஒரு மாணவன் எனக் கொள்வோம். உவமை பிழையென அடித்துவிடுதல் ஆகாது. தாயைப் பாட முனைந்த உள்ளத்தை முதலில் பாராட்டவேண்டும். பின்னர், 'செயலால் ஒத்ததா, பயனால் ஒத்ததா, வடிவால் ஒத்ததா, நிறத்தால் ஒத்ததா?' என வினவவேண்டும். பால்கறை படிந்து காய்த்துப்போன கையை அவனே நினைவுகூர்வான். நிலவு தானே விலகும். தாலாட்டில் வல்லெழுத்து மிகுந்திருப்பின் உரக்கப் படிக்கச் செய்தல் போதும். ஓசையின் முரணை அவன் செவியே உணர்த்தும்.

ஜொகூர் நீரிணையை அடுத்த பெர்மாஸ் ஜெயாவில் இன்று தமிழ் பயிலும் மாணவன் பால்மரத்தை அருகிருந்து கண்டிராதவனாக இருக்கலாம். அவன் கண்ட பாலமும் அடுக்குமாடியும் கடற்காற்றும் கவிதையில் இடம்பெறவேண்டும். கற்றுத்தந்த உவமையை ஒப்புவிப்பவன் தேர்வில் வெல்வான். கண்டதைச் சொல்லத் துணிபவனே மொழியை வாழ்விப்பான். அத்துணிவைக் காப்பதே ஆசிரியரின் செம்மைக்கோல் ஆற்றவேண்டிய பணியாகும்.