முதன்மை எலும்பு லிம்போமா: அறியப்பட்ட வரலாறு

லிம்போமா என்பது வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளில் தோன்றும் புற்றுநோய். பெரும்பாலும் இது கழுத்து, அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களில் தொடங்கும். மிக அரிதாக எலும்பிலேயே தொடங்கினால் அதை முதன்மை எலும்பு லிம்போமா என்பர். தொடையெலும்பில் இது அதிகம் வருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய்க்குத் தனிப்பெயர் இல்லை. எலும்பில் தோன்றும் மற்றப் புற்றுநோய்களோடு சேர்த்தே இதையும் எண்ணினர். 1921இல் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூவிங் எலும்புக் கட்டி வகை ஒன்றைப் பிரித்துக் காட்டினார். 1928இல் சார்ல்ஸ் ஓபர்லிங், எலும்பு மஜ்ஜையிலிருந்து எழும் கட்டிகளைப் பற்றி எழுதினார். 1939இல் அமெரிக்காவின் பார்க்கர், ஜாக்சன் இருவரும் 17 நோயாளிகளை ஆராய்ந்து, இது தனி நோய் என்று நிறுவினர். 'ரெட்டிகுலம் செல் சார்க்கோமா' என்பது அவர்கள் வழங்கிய பெயர். எலும்பில் கட்டி பெரிதாக இருந்தும் நோயாளியின் பொது உடல்நிலை நன்றாக இருப்பதை அவர்கள் கவனித்தனர்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? மற்ற எலும்புப் புற்றுநோய்களுக்குக் கை, கால்களை வெட்டி நீக்குவது அன்று வழக்கமாக இருந்தது. இந்நோயோ கதிர்வீச்சுக்கு நன்கு கட்டுப்படும். ஆகவே பெயரைச் சரியாகக் கண்டால் காலையும் காப்பாற்றலாம்.

நுண்ணோக்கியில் மட்டும் பார்த்தால் சிறிய வட்டச் செல்கள் பலவும் ஒன்றுபோலத் தோன்றும். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒற்றைவகை எதிர்ப்புரதங்களை உருவாக்கும் முறையைக் கண்டனர். அதன் பயனாக, செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி20 போன்ற புரதங்களைச் சாயமேற்றிக் காண முடிந்தது. இந்நோயின் செல்கள் பெரும்பாலும் பி-லிம்போசைட்டுகளே என்பது தெளிவானது.

சிகிச்சையும் மாறியது. 1970களில் நான்கு மருந்துகள் சேர்ந்த 'சாப்' கூட்டுச் சிகிச்சை வந்தது. அவற்றுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. சிடி20 புரதத்தைக் குறிவைக்கும் ரிடுக்சிமாப் 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பின்னர் அது 'சாப்' உடன் சேர்க்கப்பட்டது. தேவைக்கேற்பக் கதிர்வீச்சும் தரப்படுகிறது. இன்று அறுவைச் சிகிச்சையின் பங்கு பெரும்பாலும் திசு எடுப்பதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதுமே.

தொடக்கத்தில் எக்ஸ்-ரே படத்தில் மாற்றம் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. அதைக் காட்டிவிடும். நோய் வேறெங்கும் பரவியுள்ளதா என்பதை பெட்-சிடி சொல்லும். ஆயினும் உறுதி செய்வது திசு ஆய்வுதான். அதற்கு முன்பே ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் செல்கள் சுருங்கி நோய் மறைந்துகொள்ளக்கூடும். விடாத எலும்பு வலியை, குறிப்பாக இரவிலும் ஓய்விலும் குறையாத வலியை, மூட்டுத் தேய்மானம் என்று நாமே முடிவு செய்துவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.