நரம்புத் துடிப்பு

நரம்புத் துடிப்பு: நரம்பு செல்லின் சவ்வு நெடுகப் பரவும் குறுகிய மின்மாற்றம். ஓய்வில் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் ஒரு வரம்பைக் கடந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து உட்புறத்தை நேர்மின்மையாக்கும். அடுத்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பழைய நிலை மீளும். ஒரு பகுதியின் மாற்றம் அடுத்த பகுதியைத் தூண்டுவதால் துடிப்பு வலுக் குன்றாமல் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானின் கடைசிவரை செல்லும்.

தொடக்க ஆய்வுகள்: மின்சாரத்தால் தசை துடிப்பதைக் காட்டிய தவளைக் கால் சோதனைகளைக் கால்வானி 1791இல் வெளியிட்டார். துடிப்பின் வேகத்தை 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்தார்.

போஸின் ஆய்வுகள்: கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ், சாதாரணச் செடிகளும் தூண்டலுக்கு மின்துலங்கல் தருவதாக 1901இல் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்துகாட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு உடலியலாளர் பர்டன் சாண்டர்சன் இதை ஏற்கவில்லை, கட்டுரை அச்சேறவில்லை. பூச்சியுண்ணும் தாவரம் ஒன்றில் மின்துடிப்பை 1873இலேயே பதிவு செய்தவர் இதே சாண்டர்சன்தான். 1917இல் போஸ் தம் பெயரில் ஆய்வு நிலையம் நிறுவினார். தொட்டாற்சிணுங்கியும் தொழுகண்ணியும் அவர் விரும்பி ஆராய்ந்த செடிகள். அவர் வடிவமைத்த கருவியில், செடியின் அசைவு புகைக்கரி படிந்த கண்ணாடித் தட்டில் புள்ளி புள்ளியாகப் பதிந்தது. புள்ளிகளின் இடைவெளியே காலக்கணக்கு. குளிர் பட்டால் தூண்டல் மெதுவாகப் பரவுவதை இவ்வாறு கண்டு, தூண்டல் பரவுவது நீரழுத்தத்தின் விளைவன்று, நரம்புச் செயலே என்று வாதிட்டார். தாவர நரம்பியக்கம் பற்றிய அவரது நூல் 1926இல் வந்தது. நீரோடு செல்லும் வேதிப்பொருளே காரணம் என்பது 1916இல் ஆய்வாளர் ரிக்கா முன்வைத்த மாற்றுக் கருத்து. தாவரங்களில் மின்துடிப்பு உண்டென்பது இன்று ஏற்கப்பட்டதே. ஆயினும் அவற்றுக்கு நரம்பு செல்கள் இல்லை. தாவரத் துடிப்பின் தொடக்கத்தில் பெரும்பங்கு சோடியத்துக்கன்றி வெளியேறும் குளோரைடுக்கே. எனவே ‘நரம்பு’ என்ற போஸின் சொல்லாட்சியை ஏற்போரும் மறுப்போரும் உளர்.

பிற்காலம்: உடலியலாளர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாயின் தடித்த ஆக்ஸானை ஆராய்ந்து 1952இல் அயனி விளக்கத்தைச் சமன்பாடுகளாக்கினர். கேம்பிரிட்ஜ் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் அவற்றுக்கு விடை கண்டார். இருவரும் எக்கிள்ஸுடன் 1963இல் நோபல் பரிசு பெற்றனர். ஒற்றை நரம்பிழைத் துடிப்புகளைப் பதிவுசெய்து நுரையீரலிலுள்ள ‘ஜே’ என்னும் நரம்பு உணர்விகளைக் கண்டறிந்தவர் இந்தியரான அவ்தார் சிங் பெயிண்டல்.

அண்மைக் காலம்: தொட்டாற்சிணுங்கியில் மின்துடிப்போடு கால்சிய அலையும் பரவுவதாக 2022இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று தெரிவித்தது. இலை மடிவது பூச்சிகளிடமிருந்து தற்காப்பு என்பது அதன் முடிவு.