பத்து வெள்ளிச் சங்கம்: துன் சம்பந்தனை வகுப்பில் எப்படிச் சொல்வது?

சம்பந்தன் யார் என்று வகுப்பில் கேட்டால் பசங்க கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க: ம.இ.கா. தலைவர், அமைச்சர், சுதந்திரத்துக்குப் பாடுபட்டவர். தப்பில்லை. ஆனால் தோட்டத்தில் பால் மரம் சீவிய பாட்டி ஒருவருக்கு அவர் ஏன் முக்கியம் என்பது இந்தப் பதிலில் இல்லையே!

அவர் தொழிற்சங்கவாதி அல்லர். 1919 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வீரசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டம் உண்டாக்கியவர். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார்.

அவருக்கு 29 வயது நிறைந்த அன்றைக்கே, 1948 ஜூன் 16இல், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்துதான் அவசரகாலம் பிறந்தது. அந்த ஜூன் மாதத்திலேயே மலாயாத் தொழிற்சங்கங்களின் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ.கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் சங்கம் என்ற சொல்லே லயத்து மக்களுக்குப் பயமாகிப் போனதில் என்ன ஆச்சரியம்? அந்தப் பயத்தை மெல்லத் தணித்து, பல சங்கங்களை இணைத்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் பி.பி.நாராயணன். சம்பளம், வேலை நேரம், விடுப்பு எல்லாம் அவர் பேசிய பேச்சு.

சம்பந்தன் 1955இல் ம.இ.கா. தலைவராகி, அதே ஆண்டு தேர்தலில் வென்று தொழில் அமைச்சரானார். அப்போது தொழிலாளியை அமுக்கிக்கொண்டிருந்தது சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல. தோட்டமே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். நாட்டின் எதிர்காலம் எப்படி இருக்குமோ என்று தயங்கிய வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அதை அப்படியே நடத்தவில்லை. துண்டு துண்டாக வெட்டிப் பலருக்கு விற்று லாபம் பார்த்தார்கள். இதைத்தான் ‘தோட்டத் துண்டாடல்’ என்கிறோம். பெரிய தோட்டத்துக்கு லயம், ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை என்று கடமைகள் உண்டு. நம்ம தமிழ்ப்பள்ளியும் அப்படி வந்ததுதான்: 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டியிருந்தது. பத்து ஏக்கர் துண்டு வாங்கியவருக்கு அந்தப் பாரம் எதற்கு? வேலை குத்தகைக்காரர் கைக்குப் போச்சு. லயத்தை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். பள்ளியும் தேய்ந்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து உங்கு அஜீஸ் தனி அறிக்கையே எழுதினார்.

சங்கம் கூலியைக் கூட்டிக் கேட்கலாம். முதலாளியே தோட்டத்தை வித்துட்டுப் போனா யார்கிட்ட கேக்கிறது?

1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இந்தக் கேள்விக்கான பதில். தொழிலாளர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆகணும். சேர்ந்த பணத்தில், விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாடுமுன் முழுசாக வாங்கணும். தோட்டம் தோட்டமாகப் போய் அவரே பேசினார். அன்றாடக் கூலிக்காரருக்குப் பத்து வெள்ளி சின்னக் காசில்லை. அதையும் நம்பிக் கொடுத்தார்கள். முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம். 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நெசவாளர்கள் காசு சேர்த்துக் கடை வைத்த அதே வழிதான்; இங்கே கடைக்குப் பதில் ரப்பர்க்காடு.

குறையும் சொல்லத்தான் வேண்டும். பங்குதாரர் ஆனபின்னும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் அதே தொழிலாளர்கள்தான். சங்கம் வாங்கிய தோட்டங்களைவிடத் துண்டாடப்பட்டவை எத்தனையோ மடங்கு. அரசாங்கத்துக்குள்ளேயே அமைச்சராக இருந்தும் துண்டாடலை அவரால் நிறுத்த முடியவில்லை. கூட்டணி அரசியலில் அவர் குரலுக்கு இருந்த எல்லை அது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, தொழிலாளியை நிலத்துக்குப் பங்காளியாக்க நினைத்தாரே, அது அந்தக் காலத்தில் சாதாரண யோசனை இல்லை.

1973இல் கட்சித் தலைமையை விட்டார். 1979 மே 18இல் காலமானார். சுங்கை சிப்புட்டில் அவர் உருவாக்கிய மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் நடக்கிறது. ஈப்போ பழைய டவுனில் ஹேல் சாலைக்கு இப்போது அவர் பெயர்.

பாடம் நடத்தும்போது ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் நிலநிதிச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று மாணவர்களை விசாரித்து வரச் சொல்லுங்கள். இருந்தால், யார் பெயரில், எந்த ஆண்டில் வாங்கியது, அப்போது அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், அந்தத் தோட்டம் இப்போது என்னவாக இருக்கிறது என்று எழுதி வரட்டும்.