குறையுணர்வும் ஆய்வூக்கமும்: தனிநாயக அடிகளாரை முன்வைத்து ஒரு நோக்கு

மொழியாசிரியர் ஆய்வில் ஈடுபடுவதற்கு அவருடைய ஆளுமையும் உள்ளூக்கமும் எந்த அளவுக்குக் காரணமாகின்றன என்னும் வினா, பெரும்பாலும் வினாநிரல்களைக் கொண்டே ஆராயப்பட்டு வருகிறது. அதே வினாவை ஓர் ஆசிரியரின் வாழ்க்கையில் வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961இல் தலைமையேற்ற சேவியர் தனிநாயக அடிகளாரை (1913–1980) நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். மாநாடு கூட்டியவராக அவர் போற்றப்படும் அளவுக்கு ஆசிரியராக நினைக்கப்படுவதில்லை.

ஊர்காவற்றுறையில் பிறந்து, ஆங்கிலவழிக் கல்வி பெற்று, உரோமாபுரியில் இறையியல் பயின்ற அடிகளார், பல ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்தார். தமிழிலக்கியப் பயிற்சியோ அவருக்குக் காலந்தாழ்ந்தே வாய்த்தது. 1940இல் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் பள்ளித் துணைத் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றபோதுதான், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். பள்ளியை நடத்தும் நிலையிலிருந்த ஒருவர், இன்னோர் ஆசிரியரிடம் மாணாக்கராக அமர்ந்தார் என்பதை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. தம் அறியாமையை ஒப்புக்கொள்ள நாணாத அவ்வியல்பே அவரை 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் சென்றது. அங்குச் சங்கப் பாடல்களின் இயற்கை குறித்து ஆராய்ந்து பட்டம் பெற்றார்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1880இல் ஆசிரியப் பணியேற்ற உ.வே.சாமிநாதையரிடம், சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா எனக் கேட்டார். பல நூல் பயின்ற ஐயரிடம் அதற்கு விடை இல்லை. அந்நூலை விளங்கிக்கொள்ளச் சமணரிடம் சென்று அவர்தம் கோட்பாடுகளைக் கேட்டறிந்தார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. இருவரிடத்தும் ஆய்வைத் தூண்டியது தாம் அறியாதது ஒன்று உண்டு என்னும் உறுத்தலே. புகழ்நாட்டமும் பதவியுயர்வும் பின்னர்ச் சேர்ந்திருக்கலாம். தொடக்கம் அவற்றால் அமையவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

எனினும், உறுத்தல் எந்த வடிவில் ஆய்வாகிறது என்பதை ஆளுமையே தீர்மானிக்கிறது. ஐயர் ஏடுகளோடு அமர்ந்தார். அடிகளார் பயணம் செய்தார். 1952இல் அவர் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ், பிறநாட்டு அறிஞரைத் தமிழாய்வுக்குள் அழைத்தது. 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூல், 1578இன் தம்பிரான் வணக்கம் முதலியவற்றைத் தமிழுலகு பரவலாக அறிந்ததில் அவர் பங்கு பெரிது. (தம்பிரான் வணக்கத்தைப் பற்றி ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர் 1952இலேயே எழுதியிருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும், எல்லாவற்றையும் அவரே முதலில் கண்டார் எனும் கூற்று மிகை.) வத்திக்கான் நூலகப் படியைக் கொண்டு, 1679இல் அச்சான புரோவென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் பதிப்பித்தமை அவருடைய பன்மொழித் திறனுக்கு நேர்ச்சான்று.

ஊக்கத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அடிகளார் துறவி, குடும்பப் பொறுப்பு அவருக்கு இல்லை. திருச்சபையின் தொடர்புகள் ஐரோப்பிய நூலகங்களில் அவருக்குத் துணைநின்றிருக்கும். மலாயாவில் அவர் வந்துசேர்ந்த துறையோ 1956இலேயே சிங்கப்பூரில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் நூலகத்துக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குப் பொதுமக்கள் தம் உழைப்பின் காசைத் தந்திருந்தனர். தோட்டப்புறப் பள்ளியில் பல வகுப்புகளை ஒருங்கே நடத்திய ஆசிரியருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர் ஆய்வு செய்யாமைக்கு ஊக்கக் குறைவைக் காரணங்காட்டும் கட்டுரைகளை நாம் ஐயத்துடனேயே படிக்கிறோம்.

அடிகளாரின் ஆளுமைக்கு ஒரு விலையும் இருந்தது. 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. ஆட்களை இணைக்கும் ஆற்றல் மிக்கவருக்குக் கடிதங்களும் குழுக்கூட்டங்களும் பெருகின; தனித்திருந்து எழுதும் பொழுது அருகியது. அதே 1966இல் 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்னும் தலைப்பில் வெளிவந்த அவருடைய நூல், அண்ணாமலையில் மாணவராயிருந்தபோது எழுதிய ஆய்வேட்டின் திருத்திய வடிவமே.