வேட்பாளரை நிறுத்துவது யார்? அமெரிக்கக் கட்சிகளில் அதிகாரம் கைமாறிய வரலாறு

ஒரு கட்சிக்குள் அதிகாரம் எவர் கையில் இருக்கிறது என்று அறிய, அதன் வேட்பாளரை நிறுத்துவது யார் என்று பார்த்தால் போதும். அமெரிக்க அரசியல் அறிஞர் இ. இ. ஷாட்ஷ்னைடர் 1942இல் வெளியிட்ட ‘பார்ட்டி கவர்ன்மென்ட்’ நூலில் வலியுறுத்திய கருத்தின் சாரம் இது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அமெரிக்காவில் வேட்பாளரை நிறுத்தும் உரிமை இரண்டு முறை கைமாறியிருப்பது தெரிகிறது. முதலில் காங்கிரஸ் எனும் நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களிடமிருந்து கட்சி மாநாட்டுப் பேராளர்களுக்கும், பின்னர் பேராளர்களிடமிருந்து வாக்காளர்களுக்கும் அது சென்றது. இந்த மாற்றம் தேர்தலோடு நிற்காமல் ஆட்சி நடக்கும் முறையையும் மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்சிகளை எதிர்பாராத அரசியலமைப்பு

1787இல் பிலடெல்பியாவில் வகுக்கப்பட்ட அரசியலமைப்பில் கட்சிகளுக்கு இடம் தரப்படவில்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஒவ்வொருவரும் இருவருக்கு வாக்களிப்பார். முதலில் வருபவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர் என்பது ஏற்பாடு. ஆனால் ஜார்ஜ் வாஷிங்டனின் அமைச்சரவையிலேயே பிளவு தொடங்கிவிட்டது. தேசிய வங்கி, பிரான்சுடனான உறவு போன்றவற்றில் அலெக்சாண்டர் ஹாமில்டனும் தாமஸ் ஜெஃபர்சனும் மோதினர். ஃபெடரலிஸ்ட் கட்சியும் ஜனநாயகக் குடியரசுக் கட்சியும் அந்த மோதலில் பிறந்தவை.

1796இல் ஃபெடரலிஸ்ட் ஜான் ஆடம்ஸ் அதிபரானபோது, அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சனே துணை அதிபரானார். 1800இல் சிக்கல் முற்றியது. ஜெஃபர்சன் கட்சித் தேர்வாளர்கள் கட்டுப்பாடு பிசகாமல் வாக்களித்ததால், அவருக்கும் துணை அதிபராக வேண்டியிருந்த ஆரன் பர்ருக்கும் தலா 73 வாக்குகள் கிடைத்தன. பிரதிநிதிகள் சபை 36 சுற்றுகள் வாக்கெடுத்தே ஜெஃபர்சனைத் தேர்ந்தது. இரு பதவிகளுக்கும் தனித்தனியே வாக்களிக்க வகைசெய்த 12ஆவது திருத்தம் 1804இல் நடைமுறைக்கு வந்தது. கட்சி என்று எங்கும் குறிப்பிடாமலே அரசியலமைப்பு கட்சிகளுக்கு வழிவிட்டது.

காகஸிலிருந்து மாநாட்டுக்கு

தொடக்கத்தில் அதிபர் வேட்பாளரை முடிவு செய்தது, ஒரே கட்சியைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் கூடிப் பேசும் ‘காகஸ்’. 1824இல் வில்லியம் கிராஃபோர்டைத் தேர்ந்தெடுத்த காகஸுக்கு 66 பேர் மட்டுமே வந்தனர். காங்கிரஸ் உறுப்பினர்களில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளோடு முந்தினாலும், அறுதிப் பெரும்பான்மை எவருக்கும் கிடைக்காததால் பிரதிநிதிகள் சபை ஜான் குவின்சி ஆடம்ஸை அதிபராக்கியது. மக்கள் முடிவைத் தலைநகரப் பேரம் தோற்கடித்துவிட்டது என்ற ஜாக்சன் ஆதரவாளர்களின் சினமே 1828இல் அவருக்கு வெற்றி தேடித் தந்தது. நியூயார்க்கின் மார்ட்டின் வான் பியூரன் போன்ற அமைப்பாளர்கள் அந்த அலையை ஜனநாயகக் கட்சியாகக் கட்டமைத்தனர்.

1831இல் மேசன் எதிர்ப்புக் கட்சி பால்டிமோரில் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டியது. அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சியும் அதே நகரில் கூடியது. அதன் பிறகு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வேட்பாளரை முடிவு செய்யும் இடம் மாநாடுதான். கோட்பாட்டில் பேராளர்கள் மக்களின் குரல். நடைமுறையில் மாநில, நகரத் தலைவர்களின் ஆட்கள். அரசு வேலைகளைப் பங்கிட்டுத் தரும் வழக்கமே இந்தத் தலைவர்களின் பலம். 1881இல் பதவி கிடைக்காத ஒருவன் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டதையடுத்து, 1883இல் வந்த பெண்டில்டன் சட்டம் அந்த வழக்கத்துக்கு முதல் தடையை விதித்தது.

வாக்குச்சீட்டு வழியே நுழைந்த சட்டம்

கட்சித் தலைமைக்கு ஆழமான அடி விழுந்தது வேறு திசையிலிருந்து. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வாக்குச்சீட்டை அச்சிட்டதும் கட்சிகளே. சீட்டின் நிறத்தைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். 1888இல் மாசசூசெட்ஸ், அரசே அச்சிட்டு வழங்கும் ஆஸ்திரேலிய முறை இரகசியச் சீட்டை ஏற்றது. பிற மாநிலங்கள் விரைந்து பின்தொடர்ந்தன. அரசே சீட்டை அச்சிடும்போது, ஒரு கட்சியின் உண்மையான வேட்பாளர் யார் என்பதையும் சட்டம் வரையறுத்தாக வேண்டும். தனியார் சங்கமாக இருந்த கட்சி, இவ்வாறு மாநிலச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது.

அந்த வாசல் வழியேதான் பிரைமரி எனும் உட்கட்சித் தேர்தல் நுழைந்தது. விஸ்கான்சினில் ராபர்ட் லா ஃபோலெட், கட்சி மாநாட்டில் இருமுறை தோற்று, பின்னர் ஆளுநரானவர். அவருடைய முயற்சியால் 1904இல் அம்மாநில மக்கள் பிரைமரிச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தனர். அதிபர் தேர்தலில் இதன் வரம்பு 1912இல் தெரிந்தது. குடியரசுக் கட்சிப் பிரைமரிகளில் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஒன்பது மாநிலங்களில் வென்றார். அப்போதைய அதிபர் வில்லியம் டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோவும் அதில் அடக்கம். ஆனால் சிகாகோ மாநாடு டாஃப்டையே நிறுத்தியது.

தென்மாநிலங்களில் பிரைமரி இன ஒதுக்கலுக்குக் கருவியானது. அங்கே ஜனநாயகக் கட்சியின் பிரைமரியே உண்மையான தேர்தல். அதில் கறுப்பினத்தவர் வாக்களிக்க அனுமதியில்லை. தன் உறுப்பினரைத் தானே தேர்ந்துகொள்ளும் தனியார் அமைப்பு என்பது டெக்சாஸ் கட்சியின் வாதம். 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது: மாநிலச் சட்டப்படி நடக்கும் பிரைமரி, தேர்தலின் ஒரு பகுதியே.

1968க்குப் பின்

1968இல் ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ஃப்ரியை ஜனநாயகக் கட்சி மாநாடு தேர்ந்தெடுத்தது. வியட்நாம் போரை எதிர்த்தோர் மாநாடு நடந்த சிகாகோவின் தெருக்களில் காவலர்களின் தடியடிக்கு உள்ளாயினர். இதையடுத்து கட்சி அமைத்த மெக்கவர்ன்-ஃபிரேசர் ஆணையம், பேராளர் தேர்வு வெளிப்படையாக நடக்க வேண்டுமென விதிகள் வகுத்தது. அவ்விதிகளை நிறைவேற்ற மாநிலங்கள் கண்ட எளிய வழி பிரைமரி. அதை மாநிலச் சட்டமே ஏற்படுத்தியதால் குடியரசுக் கட்சியும் அதே பாதையில் சென்றது.

மறுமுனையில் தலைமையின் பிடி முழுதும் நழுவவில்லை என்போரும் உண்டு. 2008இல் வெளியான ‘தி பார்ட்டி டிசைட்ஸ்’ ஆய்வு, வாக்குப்பதிவுக்கு முன்பே முக்கியப் பிரமுகர்கள் ஒருவரைச் சுற்றித் திரள்வது முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்றது. 2016இல் குடியரசுக் கட்சிப் பிரமுகர்கள் பலர் எதிர்த்தும் டொனால்டு டிரம்ப் வென்றது அந்த முடிவின் எல்லையைக் காட்டியது. 2024இல் பிரைமரிகளில் வென்றிருந்த ஜோ பைடன் ஜூலையில் விலகியதும், பேராளர்கள் கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தனர். நெருக்கடி நேரத்தில் மட்டும் பழைய அதிகாரம் வெளிப்படுகிறது.

ஆட்சியில் எதிரொலி

1964 குடிமை உரிமைகள் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபை முதலில் நிறைவேற்றியபோது, ஜனநாயகக் கட்சியினர் 152 பேர் ஆதரித்தனர், 96 பேர் எதிர்த்தனர். குடியரசுக் கட்சியினரில் 138 பேர் ஆதரவு, 34 பேர் எதிர்ப்பு. தென்மாநிலப் பழமைவாதிகளும் வடமாநில முற்போக்காளரும் ஒரே கட்சியில் இருந்த காலம் அது. பின்னர் தெற்கின் பழமைவாத வெள்ளையர் படிப்படியாகக் குடியரசுக் கட்சிக்கு மாற, கொள்கையும் கட்சியும் ஒருங்கே பிரிந்தன. 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இறுதியாக நிறைவேறியபோது குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை.

இந்த ஒற்றுமையைத் தலைமையின் கட்டளையாகக் கொள்வது தவறு. 2014இல் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கேண்டர் தன் தொகுதிப் பிரைமரியிலேயே தோற்றார். 2023 ஜனவரியில் 15 சுற்றுகளுக்குப் பின் சபாநாயகரான கெவின் மெக்கார்த்தியை, அக்டோபரில் அவருடைய கட்சியினர் எட்டுப் பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களித்து நீக்கினர். தலைமை அவர்களைத் தண்டிக்க வழி குறைவு; வேட்பாளரை நிறுத்தும் உரிமை அதன் கையில் இல்லை. உறுப்பினர் அஞ்சுவது தன் தொகுதியில் பிரைமரிக்கு வரும் தீவிர ஆதரவாளருக்கே.

முடிவுரை

சிறு குழுவின் பிடியை உடைக்கவே இரு மாற்றங்களும் நிகழ்ந்தன. அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியது. ஆனால் வேட்பாளர் தேர்வோடு சேர்ந்து, எதிர்க்கட்சியோடு பேரம் பேசி எட்டிய ஒப்பந்தத்துக்குத் தன் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் தலைமையை விட்டுப் போனது. கட்சிப் பற்று வலுத்தும் கட்சி அமைப்பு மெலிந்தும் இருக்கும் இன்றைய நிலைக்கு வேர் இங்கேதான். ஆகவே அமெரிக்க ஆட்சியின் முடக்கத்தை ஆராய்வோர் வாஷிங்டனோடு நில்லாமல், மாநிலங்களின் பிரைமரிச் சட்டங்களையும் படிக்க வேண்டும்.